மூலநிரலில் இருந்து ஃப்ரீபிஎஸ்டி மேம்படுத்தல்: பிழைகளும் தீர்வுகளும்

ஃப்ரீபிஎஸ்டி என்பது யுனிக்ஸ் மரபில் வந்த ஒரு கட்டற்ற இயங்குதளம் ஆகும். இதன் முதல் பதிப்பு 1993 நவம்பரில் வெளியானது. கெர்னல் எனப்படும் கருனியும், 'வேர்ல்டு' எனப்படும் அடிப்படை நிரல்களும் ஒரே மூலநிரல் தொகுதியில் பேணப்படுகின்றன. எனவே பயனர் தம் கணினியிலேயே அவற்றைத் தொகுத்து, இயங்குதளம் முழுவதையும் மேம்படுத்தலாம்.

படிமுறை

முக்கியத் தரவுகளைப் படியெடுத்து வைத்தபின், மூலநிரலுடன் வரும் 'அப்டேட்டிங்' கோப்பைப் படிக்க வேண்டும். பின்னர் பில்டுவேர்ல்டு, பில்டுகெர்னல், இன்ஸ்டால்கெர்னல், மறுதொடக்கம், இன்ஸ்டால்வேர்ல்டு என்பதே வரிசை. புதிய கருனி பழைய நிரல்களை இயக்கும். ஆனால் புதிய நிரல்கள் கேட்கும் அமைப்பு அழைப்புகள் பழைய கருனியில் இல்லாமல் போகலாம். அதனால்தான் கருனி முதலில் நிறுவப்படுகிறது.

தொகுக்கும்போது தோன்றும் பிழைகள்

* ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், மூலநிரலிலோ 'மேக்.கான்ஃப்' அமைப்பிலோ குறை இருக்கலாம். மூலநிரலைப் புதுப்பித்து, 'ஓபிஜே' அடைவில் உள்ள பழைய கோப்புகளை நீக்கிவிட்டு மீண்டும் தொகுக்க வேண்டும்.
* 'சிக்னல் 11' என்ற பிழையுடன் வெவ்வேறு இடங்களில் நின்றால், பழுதான நினைவகம் அல்லது மிகை வெப்பம் காரணமாக இருக்கலாம்.
* நினைவகம் போதாவிட்டால், ஒரே நேரத்தில் நடக்கும் பணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

நிறுவும்போது தோன்றும் பிழைகள்

புதிய பதிப்புக்குத் தேவையான பயனர் கணக்கு இல்லாவிட்டால் இன்ஸ்டால்வேர்ல்டு நின்றுவிடும். 'எட்சிஅப்டேட்' கட்டளையை '-பி' விருப்பத்துடன் முன்னதாக இயக்கினால் இது தீரும். கணினியின் கடிகாரம் தவறாக இருந்தாலும் சிக்கல் வரும். 'மேக்' நிரல் கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே செயற்படுவதால், முடிந்த வேலையை மீண்டும் செய்ய முயலும்.

புதிய கருனி தொடங்காவிட்டால்

முந்தைய கருனி 'கெர்னல்.ஓல்ட்' அடைவில் இருக்கும். தொடக்கப் பட்டியில் அதைத் தெரிவு செய்து கணினியை இயக்கலாம். ஆனால் பதற்றத்தில் மறுபடியும் இன்ஸ்டால்கெர்னல் கொடுத்தால், பழுதான கருனியே 'கெர்னல்.ஓல்ட்' ஆகிவிடக்கூடும்; நல்ல கருனி அழிந்துபோகலாம். எனவே நன்கு இயங்கும் கருனியை வேறொரு பெயரில் முன்பே படியெடுத்து வைப்பது பாதுகாப்பானது. தனியே நிறுவிய வரைகலை இயக்கி போன்ற கருனிக்கூறுகளையும் புதிய கருனிக்கு ஏற்ப மீண்டும் தொகுக்க வேண்டும்.

இறுதிப் பணி

எட்சிஅப்டேட் மூலம் அமைவுக் கோப்புகளை இணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பழைய நூலகங்களை உடனே நீக்கக் கூடாது. அவற்றை நம்பியுள்ள பிற மென்பொருள்களைப் புதுப்பித்த பின்னரே 'டெலீட்-ஓல்ட்-லிப்ஸ்' கட்டளையைத் தர வேண்டும். இல்லையேல் அவை இயங்காமல் போகும்.