மணிக்கணக்கும் நாட்கணக்கும்

குழந்தை வளர்ப்பு, மேற்படிப்பு, உடல்நலக் குறைவு, வயோதிகப் பெற்றோரின் பராமரிப்பு என்று ஏதேனும் ஒரு காரணத்தால் முழுநேர வேலையை விட்டுப் பகுதிநேர வேலைக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களும், பகுதிநேரமாக இருந்தது போதும், இனி முழுநேரமாகவே சேர்ந்துவிடலாம் என்று எண்ணுபவர்களும், பெரும்பாலும் கைக்கு வரும் சம்பளத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் மட்டுமே பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். அவ்விரண்டும் அவசியமானவையே. ஆயினும், ஒருவருடைய உழைப்பை நம் தொழிலாளர் சட்டங்கள் எதைக் கொண்டு அளக்கின்றன என்பதை அறியாமல் செய்த முடிவின் குறை, நோயில் படுத்த மாதத்திலோ, பிரசவ காலத்திலோ, வேலையை விட்டு விலகும் நாளிலோதான் தெரியவரும். அப்போது திருத்திக்கொள்ள வழியிராது.

சென்னை தியாகராய நகரில் இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு ஜவுளிக்கடையில் காலை பத்து மணிமுதல் மூன்று மணிவரை பில் போடும் வேலைக்கு ஒரு பெண் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுநேரம் ஒன்பது மணி நேரத்துக்கு மாதம் 15,000 ரூபாய்; பகுதிநேரம் ஐந்து மணி நேரத்துக்கு 8,000 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் என்று கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தால் முன்னது 64 ரூபாய், பின்னது ஏறக்குறைய 62 ரூபாய். பெரிய வித்தியாசமில்லை என்றே தோன்றும். ஆனால், சேரும் அன்றே மேனேஜர் பரிவோடு ஒரு வார்த்தை சொல்கிறார்: “பார்ட் டைம்தானேம்மா, உங்களுக்கு எதுக்கு பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும்? பிடித்தம் இல்லாம முழுசாக் கையில வாங்கிக்குங்க.” அந்தப் பெண்ணும் அதை ஒரு சலுகையாகவே கருதி நன்றி சொல்கிறார்.

அது சலுகையன்று, நஷ்டம். இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) திட்டமும், பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத் தொழிலாளர் ஈட்டுறுதி (இ.எஸ்.ஐ.) திட்டமும் பொருந்துகின்றன. பி.எஃப்.புக்கு 15,000 ரூபாயும் இ.எஸ்.ஐ.க்கு 21,000 ரூபாயும் இதுவரை நடப்பிலிருக்கும் சம்பள வரம்புகள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று இவ்விரண்டில் எதுவும் கேட்பதில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்டவரா என்று மட்டுமே கேட்கின்றன. 8,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளி தம் பங்காகப் பன்னிரண்டு சதவிகிதம், அதாவது 960 ரூபாய், பி.எஃப்.புக்குச் செலுத்தினால், அதே தொகையை நிர்வாகமும் செலுத்தியாக வேண்டும். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கொடுப்பது 0.75 சதவிகிதமாகிய 60 ரூபாய். நிர்வாகம் கொடுப்பது 3.25 சதவிகிதமாகிய 260 ரூபாய். ஆகவே, பிடித்தமில்லாத சம்பளம் என்று மகிழ்ந்த அந்தப் பெண், தமக்குச் சேர வேண்டிய 1,220 ரூபாயை மாதந்தோறும் கடைக்கு விட்டுக்கொடுப்பதோடு, குடும்பத்துக்கே கிடைக்கக்கூடிய வைத்திய வசதியையும் இழக்கிறார்.

இனி, பகுதிநேரத்தையே தேர்ந்தெடுப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சட்டம் வழங்கும் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை மணிகளை எண்ணுவதில்லை, நாட்களையே எண்ணுகின்றன. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை பெறுவதற்கு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலோ அக்டோபர் முதல் மார்ச் வரையிலோ உள்ள ஆறு மாத காலத்தில் 78 நாட்களுக்கு சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் முழுநேரமாக வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டவருக்கு அந்த அரையாண்டின் 26 வாரங்களில் கிடைப்பது சரியாக 78 நாட்கள்தாம். இரண்டொரு நாள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துவிட்டாலே அவர் கணக்கு குறைந்துபோகும். அதே மணி நேரங்களை ஆறு அரைநாட்களாகப் பங்கிட்டுக்கொண்டவருக்கோ 156 நாட்கள் சேர்ந்திருக்கும். உழைப்பு ஒன்றே, சம்பளமும் ஒன்றே. ஆனால் டைபாய்டு காய்ச்சலில் படுத்தால் பின்னவருக்குச் சம்பளத்தில் எழுபது சதவிகிதம் உதவித்தொகையாக வரும், விடுப்பால் நாள் குறைந்த முன்னவருக்கு ஒன்றும் வராது.

பிரசவ கால நன்மைக்கு, எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி. அந்த விடுப்பு 2017 முதல் 26 வாரங்கள். போனஸுக்கு ஓராண்டில் 30 நாட்கள் போதும். பணிக்கொடையில், இடையீடில்லாத சேவை பற்றித் தகராறு எழுந்தால், வாரத்தில் ஆறு நாள் இயங்கும் நிறுவனத்தில் ஆண்டுக்கு 240 நாட்கள் என்ற கணக்கு முன்னே வந்து நிற்கும். மூன்று நாள் வேலையை ஆறு நாட்களாகப் பங்கிட்டால் பஸ் செலவும் போக்குவரத்து நேரமும் இரட்டிப்பாகும் என்பது உண்மையே; தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குத் தினமும் நான்கு மணி நேர வேலைக்காகப் போய் வருவது எல்லாருக்கும் இயலாது. ஆயினும், வேலை வீட்டுக்கு அருகில் இருக்குமானால், நீண்ட மூன்று நாட்களைவிடக் குறுகிய ஆறு நாட்களே பத்திரமானவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

பகுதிநேரம் என்ற பெயரில் முழுநேர உழைப்பை வாங்கும் வழக்கம் வேறொரு பெரிய அபாயம். ஆடித் தள்ளுபடி தொடங்கியதும், மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவரை, கூட்டம் குறையட்டும் என்று ஒன்பது மணிவரை நிறுத்திவைப்பதும், தீபாவளி முடிந்து கூட்டம் அற்றவுடன் சம்பளத்தைக் குறைப்பதும் கடைத்தெருவில் சகஜம். கடையை மட்டும் குறை சொல்வானேன்? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கணினி முதலியவற்றைக் கற்பிக்க 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று அரைநாட்கள் என்ற ஏற்பாட்டில், மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். தற்காலிகம் என்று தொடங்கியது பத்தாண்டுகளைத் தாண்டியும் நீடித்து, இடையிடையே சம்பளம் உயர்த்தப்பட்டும், பணி நிரந்தரம் வேண்டும் என்று அவர்கள் வீதியில் இறங்கிப் போராடும்படி ஆயிற்று.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் இரு வழியாகப் பேசியிருப்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர் தொடுத்த வழக்கில், நிர்வாகத்தின் கண்காணிப்பில் வேலை செய்யும் பகுதிநேரப் பணியாளரும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் அடங்குவார், முறையான அறிவிப்பும் இழப்பீடும் இன்றி அவரை வெளியேற்ற முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம், அரசு நிறுவனங்களில் வேலை செய்யும் பகுதிநேர ஊழியர்கள் பணி நிரந்தரத்தையும் முழுநேர ஊழியருக்கு இணையான சம்பளத்தையும் உரிமையாகக் கோர முடியாது என்று 2021இல் சொல்லிவிட்டது. ஆதலால், என்றாவது நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கை ஒன்றையே முதலாக வைத்து, கையிலுள்ள முழுநேர வேலையை விட்டு அரசுத் துறையின் பகுதிநேரப் பணிக்குப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

முழுநேர வேலையில் இருப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. இன்று வியாபாரம் இல்லை, அரைநாள்தான் என்று சொல்லி மத்தியானமே அனுப்பிவிட்டு அரைநாள் கூலி கொடுப்பதை, நாள்வீதம் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் சட்டம் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. வேலை செய்ய ஆயத்தமாக வந்தவருக்கு வேலை கொடாதது முதலாளியின் குறையானால், முழு நாளுக்குரிய ஊதியம் தர வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இருந்த இவ்விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. குறித்த நேரத்துக்கு மேற்பட்ட ஓ.டி.க்கு இரட்டிப்பு விகிதம் என்பதும் அப்படியே.

பரிகாரம் தேடுவது சேரும் நாளிலேயே தொடங்க வேண்டும். நியமனக் கடிதத்தில் வேலை நேரம், வாரத்தில் எத்தனை நாள், சம்பளம், நேரம் நீண்டால் என்ன கூலி என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். கடிதம் கொடுக்கத் தயங்கும் இடத்தில், வருகைப் பதிவேட்டின் புகைப்படம், சம்பளம் வரவான வங்கிப் பதிவு, ‘நாளைக்கு ஒன்பது மணிக்கே வந்துடுங்க’ என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், அது உண்மையில் உங்கள் யு.ஏ.என். கணக்கில் சேர்கிறதா என்று உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதந்தோறும் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு.

சம்பளக் குறைவுக்குத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்திலும், சந்தா கட்டாமைக்கு அந்தந்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகங்களிலும் முறையிடலாம். ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அப்படித் தாக்கலான பிறகு, உரிய தொகையைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியையே சார்ந்தது. வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சுகிறவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், தொழில் நிறுவனத் தொழிலாளர்களும் அங்கே இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். பெண்கள் தங்கள் வருமானச் சான்றிதழுக்காக அலைய வேண்டியதுகூட இல்லை.