பந்திக்கு முந்து, கப்பலிலும்!

உணவங்காடி நிலையத்தில் இடம் பிடிக்க நமக்கு ஒரு டிஷ்யூ பொட்டலம் போதும். அதை மேசைமீது வைத்துவிட்டு நிம்மதியாக வரிசையில் நிற்கலாம். யாரும் அதைத் தொடமாட்டார்கள். ‘சோப்’ செய்வதில் கைதேர்ந்தவர்கள் நாம். அந்தத் துணிச்சலில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் உல்லாசக் கப்பல் பயணத்துக்கு உணவக முன்பதிவு செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

சென்ற ஜூன் விடுமுறையில் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்திலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை, மாமா, அவர்களின் இரண்டு பிள்ளைகள் என மொத்தம் ஒன்பது பேர். பயணத்தின் மூன்றாம் நாள் பாட்டிக்கு 75வது பிறந்தநாள். அன்றிரவு ஒன்பது பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

“போன்ல புக் பண்றதெல்லாம் உனக்குத்தான் நல்லா வரும். நீயே பாத்துக்கோம்மா,” என்று என்னிடம் விட்டுவிட்டார்.

எது இலவசம், எதற்குக் கட்டணம்?

கப்பல் கட்டணத்திலேயே சாப்பாடும் அடங்கிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. பெரும்பாலான பெரிய கப்பல்களில் பிரதான உணவரங்கமும் பஃபே உணவகமும் பயணக் கட்டணத்தில் அடங்கும். ஜப்பானிய, இத்தாலிய உணவு போன்றவற்றைப் பரிமாறும் சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதற்குமேல் சேவைக் கட்டணமும் சேரலாம். சிறப்பு உணவகங்களில் இருக்கைகள் குறைவு. பயணிகளோ ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கப்பல் புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, இணையத்திலும் செயலியிலும் முன்பதிவு தொடங்கிவிடும். நல்ல நேரங்கள் முதலில் போய்விடும்.

பிரதான உணவரங்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கல்யாண மண்டபங்களைப் போல அங்கும் பந்தி உண்டு. எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க இடம் போதாது என்பதால், பல கப்பல்கள் இரவு உணவை இரண்டு வேளைகளாகப் பிரிக்கின்றன. எங்கள் கப்பலில் முதல் பந்தி மாலை 6 மணிக்கு, இரண்டாம் பந்தி இரவு 8.15க்கு. நமக்கு எந்தப் பந்தியோ, பெரும்பாலும் பயணம் முடியும்வரை அதே பந்திதான், அதே மேசைதான்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததன்று. அந்தக் காலத்துப் பயணிகள் கப்பல்களிலும் பந்தி முறை இருந்தது. விரும்பிய நேரத்தில், விரும்பியதைக் கேட்டுச் சாப்பிடும் உணவகம் 1905ஆம் ஆண்டு ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மானியக் கப்பலில் வந்தது. ரிட்ஸ் ஹோட்டலின் பெயரில் நடந்த அந்த உணவகத்தில், புகழ்பெற்ற பிரெஞ்சு சமையற்கலைஞர் எஸ்கோஃபியேயின் பங்கும் இருந்தது. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்காகத் தனிக் கட்டண உணவகம் ஒன்று இருந்தது. நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நிலையான பந்தி நேரத்தைக் கைவிட்டு, பயணிகளே நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று பல கப்பல்களில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. பயணச்சீட்டு எடுக்கும்போதே எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நான் பிடித்த இடம்

முன்பதிவு திறந்த அன்று விரிவுரை முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து செயலியைத் திறந்தேன். படங்களைப் பார்த்ததும் ஜப்பானியத் தெப்பன்யாக்கி உணவகம் மனத்தைக் கவர்ந்தது. சமையற்காரர் நம் கண்முன்னே சூடான இரும்புத் தட்டில் சமைப்பார், தீ எழும்பும், கரண்டி பறக்கும். பிறந்தநாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றாம் நாள் இரவு 8.30 மணிக்கு ஒன்பது இருக்கைகள் கிடைத்தன. துணைப்பாடம் நடத்திச் சேர்த்திருந்த பணத்திலிருந்து ஏறக்குறைய 500 வெள்ளி செலுத்தினேன். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் படத்தைப் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்டார். “அந்தத் தட்டுல மீனும் இறாலும் கோழியும்தானே வறுப்பாங்க? பாட்டி என்ன சாப்பிடுவாங்க?”

பாட்டி சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார். அது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால், செயலியில் இருக்கைகளைத் தட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை.

அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். “எட்டரை மணின்னா அவங்க ஊசி?”

பாட்டிக்கு நீரிழிவு. மாலை 6.30 மணியளவில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே சாப்பிட்டுவிடுவார். அவருடைய நாள் முழுவதும் அந்த நேரத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் பிடித்திருந்த இடம் பாட்டிக்குப் பொருந்தாத உணவகத்தில், பொருந்தாத நேரத்தில் இருந்தது. பிறந்தநாளோ அவருடையது.

பாட்டியிடமே போய்க் கேட்டேன். “எனக்கென்ன கண்ணு, ரூம்லயே ரெண்டு ரொட்டி சாப்பிட்டுட்டு வந்து உங்ககூட உக்காந்துக்கறேன்,” என்றார். அந்தப் பதில்தான் என்னை அதிகம் உறுத்தியது.

சரிசெய்த கதை

பயண முகவரை அழைத்தபோது இன்னொரு பிரச்சினை வெளிப்பட்டது. எங்கள் ஐந்து பேருக்கும் அப்பா பதிவு செய்திருந்தார். அத்தை தம் குடும்பத்துக்குத் தனியாகப் பதிவு செய்திருந்தார். கப்பல் நிறுவனத்தின் கணக்கில் நாங்கள் ஒரே குடும்பம் அல்லர். அத்தை வீட்டுக்கு முதல் பந்தி, எங்களுக்கு இரண்டாம் பந்தி. நான்கு இரவும் அவர்கள் சாப்பிட்டு எழுந்தபின் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

முகவர் பொறுமையாக வழி சொன்னார். இரண்டு பதிவு எண்களையும் இணைக்கக் கோரலாம். சைவ உணவு, ஒவ்வாமை, நீரிழிவு போன்றவற்றைக் கப்பல் புறப்படுவதற்கு முன்பே பதிவில் குறிப்பிடலாம். சமண உணவு போன்ற தனித் தேவைகளுக்கு இது மிக அவசியம். நடுக்கடலில் கடைக்கு ஓட முடியாதல்லவா? தெப்பன்யாக்கி முன்பதிவை ரத்து செய்யக் காலக்கெடு இருந்தது. நல்லவேளை, நாங்கள் அதைத் தாண்டவில்லை. பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது.

அந்தப் பணத்தில் இத்தாலிய உணவகத்தில் அதே நாள் மாலை 6.30 மணிக்கு இடம் பிடித்தேன். இம்முறை உணவுப் பட்டியலை முதலில் படித்தேன். காய்கறி பாஸ்தாவும் காளான் சோறும் இருந்தன. காளான் சோற்றை இறைச்சிச் சாறு சேர்க்காமல் செய்வார்களா என்று எழுதிக் கேட்டேன். செய்வதாகப் பதில் வந்தது.

முதல் பந்தி மட்டும் நிரம்பியிருந்தது. எங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். “கப்பல் ஏறியதும் நேரே உணவரங்க மேலாளரைப் போய்ப் பாருங்கள்,” என்றார் முகவர். எல்லாரும் பஃபேக்கு ஓடியபோது, நானும் அப்பாவும் உணவரங்க வாசலுக்குப் போனோம். எங்களுக்கு முன் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அரை மணி நேரத்தில், முதல் பந்தியில் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு மேசை கிடைத்தது. அரை மணி முன்னதாகச் சாப்பிடுவது பாட்டிக்குச் சிரமமில்லை. முதல் இரண்டு இரவுகளும் நன்றாகவே கழிந்தன.

புக்கெட்டில் தொலைந்த ஒரு மணி நேரம்

மூன்றாம் நாள் புக்கெட். எங்கள் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றது. கரைக்குச் சிறு படகில் போக வேண்டும். “படகுல ஏறி இறங்கற வயசா எனக்கு? நான் கடலப் பாத்துக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் நேரா சாப்பாட்டுக்கு வந்துடறேன்,” என்று பாட்டி கப்பலிலேயே தங்கிவிட்டார். நாங்கள் கரைக்குப் போய்ச் சுற்றிவிட்டு, நேரத்தோடு கப்பலுக்குத் திரும்பினோம். தம்பியும் நானும் நீச்சல் குளத்துக்குப் போனோம். கைப்பேசியில் மணி 5.50 ஆனதும், குளித்துக் கிளம்பச் சரியாக இருக்கும் என்று அறைக்கு வந்தோம்.

அறைத் தொலைக்காட்சித் திரையில் கப்பலின் நேரம் 6.50 என்று இருந்தது.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சில கப்பல்கள் துறைமுகத்துக்கு ஏற்பக் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும். எங்கள் கப்பல் மாற்றவில்லை, சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கைப்பேசியோ, கரையில் தாய்லாந்துக் கட்டமைப்பைப் பிடித்ததும் தானாகவே மாறிவிட்டது. கப்பலுக்குத் திரும்பியதும் அதை விமானப் பயன்முறையில் போட்டதால் அப்படியே தங்கிவிட்டது. கரைக்குப் போன எட்டுப் பேரின் கைப்பேசியும் ஒரே தவற்றைக் காட்டின.

பாட்டியின் கட்டிலருகே ஊசிப் பெட்டி திறந்து கிடந்தது. அவர் ஊசி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்சுலின் போட்டபின் சாப்பாடு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கிவிடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஈரத் தலையோடு ஓடினேன். தம்பி, அப்பா அம்மாவைத் தேடி ஓடினான்.

ஒன்பது பேருக்கான மேசையில் பாட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். எட்டுத் தட்டுகள் கவிழ்த்தபடியே இருந்தன. அவர் முன்னால் பாதி குடித்த ஆரஞ்சுச் சாறும், கடித்து வைத்த ரொட்டித் துண்டும் இருந்தன. பக்கத்தில் ஓர் இந்தோனீசியப் பணியாளர் நின்றிருந்தார்.

பாட்டி தம் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக 6.30க்கு வந்திருக்கிறார். எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். கை நடுங்கத் தொடங்கியதும், சந்தையில் பேசிப் பழகிய மலாய்மொழியில், “ஊசி போட்டாச்சு, இன்னும் சாப்பிடல,” என்று அந்தப் பணியாளரிடம் சொல்லியிருக்கிறார். அவர் உடனே சாறு கொண்டுவந்திருக்கிறார். தாமதமானால் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் வழக்கம் இருந்தும், எங்கள் மேசையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “முதல்ல தலையத் துவட்டு. சளி பிடிச்சுக்கும்,” என்றார் பாட்டி. பிறகு, எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார். “சாப்பாடு முன்னாடியே வந்திருந்தாலும் நான் கை வச்சிருக்க மாட்டேன் கண்ணு. பொறந்தநாள்ல தனியா எப்படிச் சாப்பிடறது?”

காளான் சோறு வந்தது. பாட்டி முழுவதையும் சாப்பிட்டார். அப்பா அந்தப் பணியாளரை அழைத்து, பாட்டியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால்

உங்கள் வீட்டிலும் இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். அதனால் சில குறிப்புகள்.

பயணச்சீட்டு எடுக்கும்போதே பந்தி நேரத்தைக் கேளுங்கள். தனித்தனியாகப் பதிவு செய்தவர்கள் பதிவு எண்களை இணைக்கச் சொல்லுங்கள். சிறப்பு உணவகத்துக்குப் பணம் கட்டுமுன் மூன்றைப் பாருங்கள்: உணவுப் பட்டியல், சேவைக் கட்டணம், ரத்து செய்யும் காலக்கெடு. கலைநிகழ்ச்சிகளுக்கும் முன்பதிவு இருக்கலாம். இரண்டும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்குப் போய்த் திரும்பும் நாளில், சாப்பாட்டு நேரத்துக்கு முன் போதிய இடைவெளி விடுங்கள். முன்பதிவு உறுதிச்சீட்டைத் திரைப்படம் எடுத்து வையுங்கள், கடலில் இணைய வசதிக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். விரும்பிய இடம் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். ஏறிய முதல் மணி நேரத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கைப்பேசியில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

‘பந்திக்கு முந்து’ என்பார்கள். நானும் முந்தத்தான் செய்தேன், செயலி திறந்த முதல் நாளிலேயே. ஆனால், யாருக்கு எப்போது பசிக்கும், யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று அதற்கும் முன்பு கேட்டிருக்க வேண்டும். அதற்குச் செயலி தேவையில்லை. பக்கத்து அறைக்கு நடந்து போனால் போதும்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு பயணம் போகலாம் என்று அத்தை பேசத் தொடங்கியிருக்கிறார். முன்பதிவு இன்னும் திறக்கவில்லை. நான் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் வரி: பாட்டி, 6.30 மணி, சைவம், முட்டை வேண்டாம்.