சாப்பிட்டது நாலாயிரம், கட்டியது ஐயாயிரம்

கொழும்பு முகத்துவாரத்து வீடுகளில் ஓ.எல். பெறுபேறோ பிறந்தநாளோ வந்தால் பிள்ளைகள் முதலில் கேட்பது சைனீஸ் சாப்பாடு. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கடை அகப்பட்டுவிடும். கையில் கொஞ்சம் காசிருந்தால் ஓட்டோ கொள்ளுப்பிட்டி வரை போகும். கொழும்புக்கு இந்தச் சுவை புதிதல்ல. பம்பலப்பிட்டியிலுள்ள சைனீஸ் டிராகன் கபே 1942இல் தொடங்கியது. அசல் சீனச் சமையலா, கொழும்புக் கலப்பா என்பது நாக்கு தீர்க்க வேண்டிய வழக்கு. பில்லும் தட்டும் வாசலும் சட்டத்துக்கு உட்பட்டவை.

முதலில் பில். மெனுவைப் பார்த்து 4,000 ரூபாவுக்கு எடுத்த சாப்பாடு, காசு கட்டும்போது 5,120 ஆகிவிடுகிறது. 10 வீதச் சேவைக் கட்டணம் 400, 18 வீத வற் வரி 720. சேவைக் கட்டணம் கடை அறவிடுவது, அரசாங்கத்துக்குப் போகும் வரியல்ல. இந்த இரண்டில் வற்தான் வரி. 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதம். வற் வரிக்குப் பதிவு செய்யாத கடை அந்தப் பெயரில் ஒரு சதமும் வாங்க முடியாது. பதிவு செய்த கடைக்கு 7000 என்று முடியும் வற் இலக்கம் உண்டு. பில்லில் அது இல்லாவிட்டால் காசாளரிடம் கேட்கலாம். கேட்பவர் கஞ்சன் ஆகிவிடமாட்டார்.

தண்ணீர்ப் போத்தலைப் பலர் கவனிப்பதே இல்லை. 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100 ரூபா என்று உச்ச விலை வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. உச்ச விலையை மீறும் கம்பனிக்கு, 2021 திருத்தத்தின்படி, அபராதம் குறைந்தது 5 இலட்சம் ரூபா.

நண்டுக்கும் மீனுக்கும் நேரே விலை போடாமல் 'அன்றைய விலை' என்று எழுதியிருந்தால், அது சமையலறைக்குள் போகுமுன்பே நிறையையும் கிலோ விலையையும் கேட்டுக்கொள்வது நல்லது. 2024 ஏப்ரலில் புதுக்கடையில் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா சொல்லி வெளிநாட்டுப் பயணியை மிரட்டிய வியாபாரி கைதானது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பயணி விலையை முன்கூட்டியே கேட்டிருந்தார்.

தட்டில் இருப்பது வேறு சிக்கல். வெள்ளிக்கிழமை விரதக்காரர் 'வெஜிடபிள்' என்ற பெயரை நம்பி எடுக்கும் கறியில் ஒய்ஸ்டர் சோஸ் இருக்கலாம். அது சிப்பியிலிருந்து வருவது. சூப்புக்குக் கோழிச் சாறும், வதக்கப் பன்றிக் கொழுப்பும் பாவிக்கும் சமையல்முறைகளும் உண்டு. இறால், கச்சான், எள்ளு ஒவ்வாதவர்கள் வெறுமனே "காரமில்லாமல்" என்று சொல்வது போதாது, ஒவ்வாத பொருளின் பெயரைச் சொல்லவேண்டும். மரக்கறி என்று உறுதியாகச் சொல்லி இறைச்சிச் சாறு ஊற்றினாலோ, நண்டு என்று எழுதி மீன் அரைத்துச் செய்த குச்சியைப் போட்டாலோ, அது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கும் ஏமாற்று நடத்தை.

பலர் பயப்படும் அஜினமோட்டோவை விட, ஆறிக் கிடந்த சோறுதான் பயப்பட வேண்டியது. பசிலஸ் செரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெளியில் கிடந்தால் அவை பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். பிறகு பிரைட் ரைஸாகத் தாச்சியில் பிரட்டினாலும் அந்த நஞ்சு அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகச் சோற்றோடு தொடர்புபட்ட பல நோய்ப்பரவல்கள் பதிவாகின. சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். இரவு வாங்கிய பார்சலை விடிய விடிய மேசையில் வைத்துவிட்டுக் காலையில் கடையைத் திட்டுவதில் நியாயமில்லை. கடையில்தான் தவறென்று தெரிந்தால் மிச்சச் சாப்பாட்டைக் குளிரூட்டியில் வைத்து, மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவிக்கவேண்டும். 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் அவரால் மாதிரி எடுக்கவும் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் முடியும். ஆளுக்கு முடியாமல் போனால் அம்புலன்சுக்கு 1990 இலக்கம்.

விலை, தரம், ஏமாற்று பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கிறது. ஆனால் தொலைபேசியோடு நிறுத்தக்கூடாது: முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போகவேண்டும் என்கிறது சட்டம். அதற்குப் பில் வேண்டும். பில் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. துண்டுக் கடதாசியில் கூட்டல் போட்டுத் தருவதை ஏற்கவேண்டியதில்லை.

வாசலிலேயே "உங்களுக்கு இடமில்லை" என்றால்? இலங்கை அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை உணவகங்களையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக ஒருவரைத் தடுக்கக்கூடாது. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கான அடிப்படை உரிமை மனு நிர்வாகத்துறையின் செயலுக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் கடையின் மீது நேரே அந்த மனுவைப் போடுவது கடினம். பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் நிலைமை மாறும், அந்த மறுப்பு நிர்வாகத்துறையின் செயல். அப்போது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்தை அழைக்கலாம்.