மிதிவண்டிச் சாலைப் போட்டியில் விபத்தும் மனவுறுதியும்

மிதிவண்டிச் சாலைப் போட்டி என்பது பொதுச்சாலையில் பலர் ஒருசேர மிதிவண்டி ஓட்டிப் போட்டியிடும் விளையாட்டாகும். தமிழ்நாட்டில் பேரறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டி (செப்டம்பர் 15), பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பள்ளி மாணவ, மாணவியருக்கு இப்போட்டி நடத்தப்படுகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள் உள்ளன. தூரம் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை. இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டிகளுக்கே அனுமதி உண்டு.

விபத்து நேரும் விதம்

முன்னால் செல்பவர் எதிர்காற்றைத் தாங்குவதால், அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு உழைப்பு குறைகிறது. எனவே அனைவரும் நெருங்கியே ஓட்டுகின்றனர். பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தில் உரசினால், பெரும்பாலும் விழுபவர் பின்னவரே. அவர்மீது மோதி மேலும் பலர் விழுவதுண்டு.

மனவுறுதியும் அதன் எல்லையும்

2013 டூர் டி பிரான்சின் முதல் நாளில் விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் ஏற்பட்ட கெரைன்ட் தாமஸ், பாரிஸ் வரை ஓட்டி முடித்தார். இத்தகைய உறுதியை ரசிகர்கள் பெரிதும் போற்றுகின்றனர். ஆனால் 2003 பாரிஸ்–நீஸ் போட்டியில் தலைக்கவசமின்றி விழுந்த கசக்கஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் மறுநாள் இறந்தார். அவ்வாண்டே பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

வலியைத் தாங்குவது உறுதி. தலையில் அடிபட்ட பின்னும் ஓட்டுவது உறுதியாகாது. விழுந்தவருக்கு மயக்கம், வாந்தி, குழப்பம் இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் பயிற்சி எடுக்கும் மாணவருக்கும் தலைக்கவசம் அவசியம்.