நேரடி இசைத்தட்டும் அதன் ரசிகர்களும்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு வயலினை முன்வைத்து

முற்போக்கு றொக் இசைக்குழு ஒன்று புதிதாக ஒரு நேரடி இசைத்தட்டை வெளியிட்டால், அதன் ரசிகர்கள் முதலில் ஒரு விசாரணை நடத்துவார்கள். எந்த ஊர், எந்த மண்டபம், எந்தத் தேதி? ஒரே இரவின் கச்சேரியா, பல இரவுகளில் இருந்து பொறுக்கி எடுத்ததா? எந்தப் பாட்டை விட்டுவிட்டார்கள்? பழைய பாடகரா, புதியவரா? மேடையில் விட்ட பிழையைப் பின்னர் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்து திருத்தினார்களா? இத்தனைக்கும் விடை தெரிந்த பிறகுதான் இசையைப் பற்றிப் பேச்சு வரும்.

நான் வசிக்கும் இக்காஸ்ட், டென்மார்க்கின் யூலண்ட் பகுதியின் நடுவே, ஹேர்னிங் நகருக்கு அருகில் உள்ள சிறிய ஊர். துணி, பின்னலாடைத் தொழில்களால் வளர்ந்தது. எண்பதுகளில் அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் கணிசமாக உண்டு. இங்குள்ள டெனிஷ் நண்பர்கள் சிலரின் வீட்டு அலுமாரிகளில் எழுபதுகளின் இசைத்தட்டுகள் வரிசையாக நிற்கும். ஒரே பாட்டின் ஐந்து நேரடிப் பதிவுகளை வைத்துக்கொண்டு ஆறாவதற்காகக் காத்திருப்பவர்கள் இவர்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தெரியலாம். கச்சேரிப் பதிவுகளோடு வாழ்ந்த தமிழருக்கு அப்படித் தெரிய நியாயமில்லை. ஒரே தோடியை ஒரே வித்துவான் வெவ்வேறு ஆண்டுகளில் வாசித்ததைத் தேடித்தேடிச் சேர்த்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

முற்போக்கு றொக் என்பது அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் உருவான ஒரு போக்கு. மூன்று நிமிடப் பாட்டு என்ற எல்லையை அது உடைத்தது. அந்த மூன்று நிமிடம் கலை விதித்த அளவு அல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டு விதித்த அளவு. நமது சங்கீத வித்துவான்களும் ஒரு கிருதியை அந்த அளவுக்குள் மடக்கித்தான் அந்தக் காலத்துத் தட்டுகளில் பாடினார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் கிடைத்தது. அந்தப் பக்கத்தை முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ ஒரே படைப்பால் நிரப்பத் துணிந்தவர்கள் யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இருபது நிமிடப் படைப்பைக் கூடத்தில் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டிவிடலாம். மேடையில் அதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஆகவே நேரடித் தட்டு என்பது ரசிகருக்கு ஒரு பரீட்சைப் பெறுபேறு போன்றது. கூடத்தில் செய்தது வித்தையா, வித்துவமா என்பதை அது சொல்லிவிடும்.

நேரடித் தட்டு எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால் ரசிகர்களின் சந்தேகம் விளங்கும். மேடையில் உள்ள ஒவ்வொரு ஒலிவாங்கியில் இருந்தும் வரும் ஒலி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கிளை மண்டபத்து ஒலிபெருக்கிகளுக்குப் போகிறது. மற்றது ஒலிப்பதிவு இயந்திரத்துக்குப் போகிறது. எழுபதுகளில் மண்டபத்துக்கு வெளியே நின்ற ஒரு பாரவண்டிக்குள் அந்த இயந்திரம் இருக்கும். குரல், கிற்றார், மேளம் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகும். சனங்களின் கைதட்டலுக்கென்று வேறு ஒலிவாங்கிகள் இருக்கும். தடங்கள் தனித்தனியாக இருப்பதால், பின்னர் ஒன்றை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக வாசித்துச் சேர்க்கவும் முடியும். கைதட்டலைக் கூட்டலாம், குறைக்கலாம், முற்றாக நீக்கவும் செய்யலாம்.

கிங் கிரிம்சன் இதற்கு நல்ல உதாரணம். 1974இல் வந்த அவர்களுடைய 'ஸ்ரார்லெஸ் அன்ட் பைபிள் பிளாக்' பலராலும் கூடத்தில் பதிந்த தட்டாகவே கேட்கப்பட்டது. உண்மையில் அதன் பெரும்பகுதி மேடையில் வாசித்தது. கைதட்டலை நீக்கியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி 1973 நவம்பரில் அம்ஸ்ரடாமில் நடந்த கச்சேரி. அந்தக் கச்சேரி முழுமையாக 1997இல்தான் ரசிகர் கைக்கு வந்தது. மறுபக்கம், 1975இல் வந்த அவர்களின் 'யூஎஸ்ஏ' வெளிப்படையாகவே நேரடித் தட்டு. ஆனால் அதில் டேவிட் குரொஸ் மேடையில் வாசித்த வயலின் பகுதிகள் சிலவற்றின் இடத்தில், அந்த மேடையிலேயே இல்லாத எடி ஜொப்சனின் வயலின் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூடத்துத் தட்டு என்று நினைத்தது கச்சேரி. கச்சேரி என்று வாங்கியதில் கூடம். ரசிகர்கள் விசாரணை செய்வதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்த விவாதம் ஆள் மாற்றம் பற்றியது. யெஸ் குழுவின் மூன்று தட்டுகள் கொண்ட 'யெஸ்சோங்ஸ்' 1973இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மேளக்காரர் பில் புறூபோர்ட் விலகி, அலன் வைற் வந்துவிட்டார். இருவரின் வாசிப்பும் அத்தொகுப்பில் உண்டு. யார் கை மேல் என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. ஜெனசிஸின் 'செக்கன்ட்ஸ் அவுட்' (1977) தொகுப்பில், பீற்றர் கேப்ரியல் பாடி அறிமுகமான நெடும் பாட்டை பில் கொலின்ஸ் பாடுகிறார். கேப்ரியல் 1975இல் குழுவை விட்டுப் போயிருந்தார். அந்தப் பதிவை அன்போடு கேட்பவர்களும் உண்டு, மன்னிக்காதவர்களும் உண்டு. குருவின் பாணியைச் சீடர் மாற்றிப் பாடினார் என்று நமது சபாக்களில் எழும் முணுமுணுப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சில வேளைகளில் இசைக்கு வெளியே நடப்பது ஒரு தட்டின் விதியைத் தீர்மானித்துவிடும். ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்கக் குழு நியூயோர்க்கில் வாசித்த கச்சேரியை மூன்று இறுவட்டுகளாக 2001 செப்டம்பர் 11 அன்று வெளியிட்டது. அதன் அட்டையில் நியூயோர்க்கின் கட்டிடங்கள் தீப்பிடித்து எரிவதுபோன்ற படம் இருந்தது. அன்று அந்நகரில் நடந்தது உலகம் அறிந்தது. தட்டை உடனே திரும்பப் பெற்று வேறு அட்டையுடன் வெளியிட்டார்கள்.

இனி, தமிழருக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள இடத்துக்கு வருகிறேன்.

வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய பிள்ளைகளான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் தந்தையிடம் வயலின் பழகினார்கள். 1958 இனக்கலவரத்தை அடுத்து அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. வைத்தியநாதனை 'ஏழாவது மனிதன்' படத்தின் இசையமைப்பாளராகப் பலர் அறிவார்கள். கடைசி மகன் சங்கர் 1950இல் சென்னையில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தை விட்டபோது அவருக்கு எட்டு வயது.

அவர் அமெரிக்காவில் சந்தித்தவர் ஜோன் மக்லோக்ளின் என்ற ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர். மக்லோக்ளினின் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ரா, ஜாஸ் இசைக்கும் றொக் இசைக்கும் நடுவே நின்று, முற்போக்கு றொக் ரசிகர்களையும் ஈர்த்திருந்தது. 1973 ஓகஸ்டில் நியூயோர்க் சென்றல் பார்க்கில் அவர்கள் வாசித்தது அதே ஆண்டு நேரடித் தட்டாக வந்தது. அதே ஆண்டில் கூடத்தில் பதிந்த தட்டை வெளியிடாமல் விட்டதற்குப் பதிலாகவே ரசிகர்களுக்கு அது கிடைத்தது. கூடத்துப் பதிவு 1999இல்தான் வெளிவந்தது.

அந்தப் பேரொலியை விட்டுவிட்டு மக்லோக்ளின் சங்கருடன் சேர்ந்து அமைத்ததுதான் 'சக்தி'. தபேலாவுக்கு ஸாகிர் உசேன், கடத்துக்கு ரி. எச். விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். குழுவின் முதல் தட்டே நேரடித் தட்டு. 1975 ஜூலை 5 அன்று நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் பதிந்து, 1976இல் வெளியானது. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது 18 நிமிடம், கடைசி உருப்படி அரை மணிக்குக் கிட்ட. மின்கிற்றார் இல்லை, மேற்கத்திய மேளம் இல்லை. மகாவிஷ்ணுவின் இடிமுழக்கத்துக்குப் பழகிய ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதைப் பின்தொடரவில்லை. விற்பனையும் பழைய தட்டுகளுக்கு அருகே வரவில்லை. ஆனால் தட்டைக் கேளுங்கள். அங்கே இருந்த மாணவக் கூட்டம் தாளத்தைப் பிடித்துக்கொள்வதும், வயலினும் கிற்றாரும் ஒன்றையொன்று துரத்தி ஒரே இடத்தில் வந்து விழும்போது ஆரவாரிப்பதும் தெளிவாகக் கேட்கும். கேள்வி-பதிலாகக் கோவை குறைந்துகொண்டே வந்து தீர்மானத்தில் முடிவதை நமது தனியாவர்த்தனத்தில் கேட்டிருக்கிறோம். அந்த இலக்கணம் தெரியாத ஒரு சபை அதை உடனடியாக உணர்ந்துகொண்டதற்கு இந்தத் தட்டு சாட்சி. கூடத்தில் பதிந்திருந்தால் இசை கிடைத்திருக்கும்; சாட்சி கிடைத்திருக்காது.

அதே சங்கரைப் பின்னர் பீற்றர் கேப்ரியலின் மேடையில் காண்கிறோம். ஜெனசிஸின் முதற்குரலாக இருந்த அதே கேப்ரியல். 1993 நவம்பர் 16, 17 ஆகிய இரு இரவுகளில் இத்தாலியின் மொடேனா நகரில் பதிவான 'சீக்ரட் வேர்ல்ட் லைவ்' 1994இல் வெளிவந்தது. அதில் வயலினும் துணைக்குரலும் சங்கருடையவை. கேப்ரியலின் ரசிகர்கள் வழமைபோல வாதாடினார்கள். கூடத்துப் பதிவைவிட இது உயிரோட்டமானது என்றனர் சிலர். மிக மெருகாக இருக்கிறது, கச்சேரியின் கரடுமுரடு எங்கே என்றனர் வேறு சிலர். என் காதில் இரண்டும் சரி. ஆனால் நமது கமகம் தோய்ந்த ஒரு வில்லோசை அந்தப் பெருங்கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே எழும்போது, அந்தக் கையின் முதற்பாடம் யாழ்ப்பாணத்தில் நடந்தது என்ற நினைப்பு எனக்கு வராமல் போவதில்லை.

இதை ஊர்ப்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த ரசிகர்களின் விசாரணையில் இருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று உண்டு.

நம் வீடுகளிலும் நேரடித் தட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு அட்டைப்படம் கிடையாது. கோயில் திருவிழாவில் யாரோ மடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு பதிந்த ஒலிநாடாக்கள் அவை. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி, 2003இல் மறைந்த நாதஸ்வர வித்துவான் அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்றோரை நாம் நினைவில் வைத்திருப்பதற்குக் கச்சேரிப் பதிவுகளும் ஒரு காரணம். அந்த வீதிகளின் கதையும் தெரிந்ததே. மாவிட்டபுரம் உட்பட வலிகாமம் வடக்கின் ஊர்களில் இருந்து 1990இல் மக்கள் வெளியேற நேர்ந்தது. அதற்கு முந்தைய திருவிழா ஒன்றின் பதிவில் கேட்கும் கூட்டத்தின் சத்தம், அந்த ஊர் ஊராக இருந்தபோது எழுந்த சத்தம். அதை இன்னொரு முறை பதிய முடியாது.

இப்போது பலர் இந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் மாற்றும்போது 'இரைச்சலை' நீக்கும் மென்பொருளைப் போட்டு, சனங்களின் பேச்சையும், குழந்தையின் அழுகையையும், தவிலின் வாரை இறுக்கும் ஓசையையும் துடைத்துவிடுகிறார்கள். கிங் கிரிம்சன் கைதட்டலை நீக்கியபோது மூலநாடா பத்திரமாக இருந்தது. இருபதாண்டுகளுக்குப் பிறகும் முழுக் கச்சேரியை வெளியிட முடிந்தது. நாம் துடைத்துவிட்டு மூலத்தைக் குப்பையில் போட்டால், திரும்பிப் போக இடமில்லை.

எனவே சில எளிய காரியங்கள். நாடாவைப் போடும் முன் அதன் உள்ளே, நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒலி மங்கும். கருவியின் ஒலிப்பதிவுத் தலை சரிந்திருந்தாலும் மங்கும். தெரிந்தவரைக் கொண்டு அதைச் சீர்செய்யுங்கள். முதலில் எதையும் நீக்காமல், சுருக்காத கோப்பாக ஒரு பிரதி எடுங்கள். துப்புரவு செய்வதானால் அந்தப் பிரதியின் பிரதியில் செய்யுங்கள். சுருதி சேர்ப்பதையும் இடையில் வரும் அறிவிப்பையும் வெட்டாதீர்கள். ஊரும் ஆண்டும் அந்த அறிவிப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பு முயற்சிகளோடு தொடர்புகொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், எழுதி வையுங்கள். எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா, எந்த ஆண்டு, யார் நாதஸ்வரம், யார் தவில், பதிந்தவர் யார். அலுமாரியில் ஐந்து பதிவு வைத்திருக்கும் டெனிஷ்காரர் மண்டபமும் தேதியும் கேட்பதைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் அவரிடம் உள்ள ஐந்துக்கும் தேதி உண்டு. நம்மிடம் உள்ள பலவற்றின் மேல் 'தவில் – நல்லது' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கேட்க வேண்டியதை இந்தக் கோடை விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.