எஸ்.எம்.பி.எஸ்.: மாற்றுவதா, விட்டுவைப்பதா?

கம்ப்யூட்டரின் பின்மூலையில் விசிறியோடு இருக்கும் தகரப் பெட்டிக்குத் தமிழில் 'மின்வழங்கி' என்று பெயர். நல்ல பெயர்தான். ஆனால் மும்பை லாமிங்டன் ரோட்டிலோ தில்லி நேரு பிளேஸிலோ போய் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது. அங்கே அது எஸ்.எம்.பி.எஸ்.; நானும் அப்படியே எழுதுகிறேன். சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது அதன் வேலை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலரிடம் இருப்பது 'அசெம்பிள்' செய்த கம்ப்யூட்டர். கேபினட் வாங்கும்போது கூடவே வந்த எஸ்.எம்.பி.எஸ். தான் அதில் இருக்கும். வேட்டி வாங்கினால் பை இனாம் என்கிற மாதிரி. "ஓடிட்டு இருக்கிறதை என்னத்துக்கு நோண்டணும்?" என்பார்கள். வியாபாரியான எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. கெடும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் அதற்கு மேல் போனால் ஹார்ட் டிஸ்க் கருகும். அதோடு போவது ஜி.எஸ்.டி. பில்கள், மூன்று வருஷக் கணக்கு, பேரன் பிறந்தபோது எடுத்த படங்கள். நல்ல தயாரிப்பில் அழுத்தம் எல்லை தாண்டினால் தானே அணைந்துவிடும் காப்பு இருக்கும். மட்டமானதில் மிச்சம் பிடிப்பதே இப்படிப்பட்ட இடங்களில்தான்.

நான் பாத்திர வியாபாரி. பித்தளைக் குடத்தைத் தூக்கிப் பார்த்தே தகட்டின் கனம் சொல்வோம். இதிலும் கனம் ஓரளவு பேசும், ஆனால் லேபிள் இன்னும் தெளிவாகப் பேசும். "450 வாட்னு போட்டிருக்கே, அங்கிள்!" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். கொட்டை எழுத்தை விடு, 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார் என்றேன். 16 ஆம்பியர். 12 தரம் 16, 192 வாட். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. 2000இல் பென்டியம் 4 வந்தபோதே பிராசஸருக்கென்று தனி 12 வோல்ட் பிளக் வந்துவிட்டது. அதற்கு முந்தைய காலத்தைப் போல 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஆம்பியரை அள்ளிக் கொடுத்துக் கூட்டுத்தொகையைப் பெருக்கிக் காட்டுவது பழைய சரக்கின் அடையாளம்.

கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் வீண் செலவு. உள்ளே வரும் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் சிறு கபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். அது எர்த் கம்பியில் இறங்கிவிட வேண்டும். பழைய வாடகைக் கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் கம்ப்யூட்டரைத் தொடாமல் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கரண்ட் போய் யூ.பி.எஸ். எடுத்துக்கொள்ளும் நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? மின்சாரம் நின்றாலும் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். கணக்கு. யூ.பி.எஸ். பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி நடந்தால் உள்ளே பெரிய கபாசிட்டர் தளர்ந்திருக்கலாம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பரணுக்குக் கீழே, காற்றில்லாத கல்லாப் பெட்டி ஓரத்தில் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் இருந்தால், கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் கம்பி 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். வெளியே போனால் மறுபேச்சில்லாமல் மாற்றுங்கள். உள்ளே இருந்தால் மட்டும் நல்ல பெட்டி என்று ஆகிவிடாது. மின்சாரத்தின் மேல் ஓடும் நடுக்கம் மல்டிமீட்டரில் தெரியாது. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது. பில் போடும் கம்ப்யூட்டர் 60 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 65 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 92 வாட் இழுக்கும், 85 சதவீதத் திறனுள்ளது 71 வாட். தினம் 8 மணி நேரம், வருஷம் 300 நாள் என்றால் மிச்சம் சுமார் 50 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் நானூறு ரூபாய்தான்.

ஆகவே என் கணக்கு உள்ளே இருக்கும் சரக்கை வைத்து. கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தாலும், கடைக் கணக்கு அந்த ஒரே டிஸ்கில் இருந்தாலும், கருகல் வாடையோ காரணமில்லாத ரீஸ்டார்ட்டோ இருந்தாலும் இந்த வாரமே மாற்றலாம். பிள்ளைகள் பாடம் பார்க்கும் பழைய கம்ப்யூட்டர், அழுத்தம் சரி, ஃபைல்களுக்கு வேறிடத்தில் நகல் இருக்கிறது என்றால் விட்டுவையுங்கள். அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

புதிது வாங்கும்போது '80 பிளஸ்' முத்திரை பாருங்கள். 2004இல் வந்த அந்த முத்திரை திறனுக்குத்தான், காப்புக்கு அல்ல. அதிக அழுத்தம், ஷார்ட் சர்க்யூட் காப்புகள் உண்டா என்று தனியாகப் படித்து, எத்தனை வருஷ வாரண்டி என்றும் கேளுங்கள். கழற்றிமாட்டும் கேபிள் உள்ள வகையானால் பழைய கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு.