குத்தில் எத்தனை கிலோ?

கார் மோதல் சோதனைகளில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைக்கிற பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படியொரு பொம்மையைக் குத்துச்சண்டை வீரர்கள் முன்னால் நிறுத்தி, முகத்தில் குத்தச் சொன்னார்கள். குத்தியவர்கள் ஏழு பேர், எல்லோரும் ஒலிம்பிக் வீரர்கள். ஒல்லியான ஃப்ளைவெயிட்டிலிருந்து மலைபோன்ற சூப்பர் ஹெவிவெயிட் வரை அந்த வரிசையில் இருந்தார்கள். பாக்ஸிங் கூடங்களில் ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்துக்கு 2005-இல் வெளியான அந்த ஆய்வு நேராகப் பதில் சொன்னது. கனத்த உடம்புக்காரரின் குத்துதான் கனமா?

கனம்தான். எடைப்பிரிவு கூடக்கூடக் குத்தின் விசையும் கூடியது. சராசரி விசை 3,427 நியூட்டன். ஏறக்குறைய 350 கிலோ எடை ஒரு கணம் முகத்தில் வந்து அழுத்துவதற்குச் சமம். கையின் வேகம் சராசரியாக நொடிக்கு 9 மீட்டருக்குச் சற்று மேல். கனத்தவர்களின் குத்து ஓங்கியதற்கு முதன்மையான காரணம் வேகம் அல்ல, அந்த வேகத்தோடு வந்து மோதிய நிறை. அதைப் பயனுறு நிறை என்கிறார்கள்.

அந்தப் பயனுறு நிறையின் சராசரி எவ்வளவு தெரியுமா? 2.9 கிலோ. 51 கிலோ ஆள் முதல் 100 கிலோ ஆள் வரை எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், எதிராளியின் தாடைக்குப் போய்ச் சேர்வது சராசரியாக மூன்று கிலோகூட இல்லை! இந்த விஷயத்தில் நம் கவனம் நிற்கவேண்டிய இடம் இதுதான். கனத்தவருக்குக் கையும் தோளும் கனம், ஆகவே அவருடைய பங்கு சற்றுக் கூடுகிறது. ஆனால் யாராக இருந்தாலும் உடம்பின் பெரும்பகுதி குத்தில் சேராமல் பின்தங்கிவிடுகிறது. மணிக்கட்டு மடங்கினால் அதற்குப் பின்னாலுள்ள எடை வீண். முழங்கை தளர்ந்தால் தோளின் எடை வீண். பின்னங்கால் தரையை உந்தாவிட்டால் இடுப்பும் முதுகும் வேடிக்கை பார்க்கின்றன.

1985-இல் வெளியான ஒரு சோவியத் ஆய்வு இதைக் கணக்காகவே எடுத்துவைத்தது. தேர்ந்த வீரர்களின் நேர்க்குத்தில் சுமார் 38 சதவீதம் கால் உந்துதலிலிருந்து வந்தது, 37 சதவீதம் உடல் திருப்பத்திலிருந்து. கையின் பங்கு 24 சதவீதம் மட்டுமே. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் காலின் பங்கு 17 சதவீதத்தையும் தொடவில்லை, கையின் பங்கோ 38. கற்றுக்குட்டி கையால் குத்துகிறான், கைதேர்ந்தவன் காலால் குத்துகிறான். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், உயர்மட்ட வீரர்கள் பின்கையால் குத்திய விசை சராசரியாக 4,800 நியூட்டன், புதியவர்களுடையது 2,381. ஏறத்தாழ இரண்டு மடங்கு!

ஒரு நல்ல வலதுகை ஸ்ட்ரெய்ட்டை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் பின்னங்காலின் குதிகால் தூக்கி, பாதத்தின் முன்பகுதி தரையைத் திருகுகிறது. இடுப்பு முன்னால் வருகிறது, தோள் அதைத் தொடர்கிறது. கை கடைசியில்தான் நீள்கிறது. நீளும்போது அது இறுக்கமாக இருக்கக்கூடாது, இறுகிய தசை வேகத்தைத் தின்றுவிடும். கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தசைகளின் மின்துடிப்பிலேயே பதிவுசெய்தது. தேர்ந்த சண்டைக்காரர்களின் தசைகள் புறப்படும்போது ஒருமுறை இறுகி, நடுவில் தளர்ந்து, மோதும் கணத்தில் மறுபடி இறுகின. அந்த இரண்டாவது இறுக்கம்தான் மூட்டுகளைப் பூட்டி உடம்பைக் கைக்குப் பின்னால் நிறுத்துகிறது.

இதை ஆய்வகம் இல்லாமலேயே அறிந்திருந்தவர் ஜாக் டெம்ப்ஸி. 1919 ஜூலை 4, ஒஹாயோவின் டொலிடோ நகரம். உலகச் சாம்பியன் ஜெஸ் வில்லர்ட் சுமார் 111 கிலோ, டெம்ப்ஸி 85. முதல் ரவுண்டிலேயே வில்லர்டை ஏழுமுறை தரையில் சாய்த்தார் டெம்ப்ஸி. பின்னாளில் அவர் எழுதிய பாடநூலில் குத்தும் கலையை முன்காலில் உடலை விழவிடும் ஓர் அடியிலிருந்து தொடங்குகிறார். சொந்த எடையை முழுசாகச் செலவழிக்கச் சொல்லித்தருகிறார்.

நம் காலத்தில் ஹெவிவெயிட் வீரர் டியான்டே வைல்டர். 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டைசன் ஃப்யூரியை எதிர்த்தபோது அவர் 96 கிலோ, ஃப்யூரி 116. இருபது கிலோ குறைவாக இருந்தும் 9-ஆம் ரவுண்டிலும் 12-ஆம் ரவுண்டிலும் ஃப்யூரியை விழவைத்தார். சண்டை சமனில் முடிந்தது. அடுத்த இரண்டு சண்டைகளுக்கும் வைல்டர் எடையைக் கூட்டிக்கொண்டு, ஏறத்தாழ 105, 108 கிலோவாக வந்தார். இரண்டிலும் தோற்றார். தோல்விக்கு எடை ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஃப்யூரி மாற்றிய ஆட்டமும் காரணம். ஆனால் ஏற்றிய கிலோக்கள் அவரைக் காப்பாற்றவில்லை.

இப்படிச் சொல்வதால் எடை ஒன்றுமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மானி பாக்கியாவ் ஃப்ளைவெயிட்டில் தொடங்கி எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர். ஆனால் 2009-இல் மிகேல் கோட்டோவைச் சாய்த்த பிறகு, 2018 வரை அவரால் ஒருவரைக்கூடப் பாதியில் முடித்துவைக்க முடியவில்லை. வயதும் ஒரு காரணம், எதிரே நின்றவர்களின் பருமனும் ஒரு காரணம். ஜப்பானின் நவோயா இனோவே 49 கிலோ பிரிவிலிருந்து 55 கிலோ வரை ஏறியும் நாக் அவுட்டுகளைத் தொடர்ந்தது அதனால்தான் இவ்வளவு வியப்பைத் தருகிறது. எடை உச்சவரம்பை வைக்கிறது. அந்த வரம்பை எட்டுகிறவர்கள் மிகச் சிலர்.

லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909-இல் எட்டு எடைப்பிரிவுகளை வகுத்ததற்கும் குத்துபவரின் பலம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. குத்தை வாங்குபவரும் இருக்கிறாரே. ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்து 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அரை மீட்டர் தூரத்தில் அவருடைய கை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. தொட்ட 14 மில்லி நொடிக்குள் விசை 4,096 நியூட்டனை எட்டியது. ஆறு கிலோ மரச் சுத்தியலுக்குத் துணி சுற்றி அதே வேகத்தில் வீசினால் எப்படியோ அப்படி என்றார்கள் ஆய்வாளர்கள். அந்தக் குத்து தலைக்குக் கொடுக்கக்கூடிய முடுக்கம் புவியீர்ப்பைப்போல 53 மடங்கு.

அதே குத்து மெல்லிய கழுத்தின் மேல் விழுந்தால் தலை இன்னும் வேகமாகச் சுழலும். மூளையைக் கலக்குவது பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான். கழுத்துத் தசை முன்கூட்டி இறுகியிருந்தால் தலையோடு உடம்பும் சேர்ந்து தாங்கும், எதிர்பாராத குத்தில் தலை தனியாகத் தாங்கவேண்டியிருக்கும். ஆகவே எடைப்பிரிவு என்பது அடிப்பவருக்கு வைத்த வரம்பு மட்டுமல்ல, அடி வாங்குபவரின் மூளைக்குக் கட்டிய வேலி. போட்டிக்கு முன்தினம் உடம்பின் தண்ணீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, மறுநாள் பல கிலோ கூடி ரிங்கில் இறங்கும் தொழில்முறை வழக்கம் அந்த வேலியைத் தாண்டிக் குதிப்பது. அதை ஒரு சாமர்த்தியமாகப் பாராட்ட என்னால் முடியவில்லை.

பிள்ளைகளுக்குப் பாக்ஸிங் சொல்லித்தரும் வாத்தியார்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். ஒல்லியான பையனிடம் குத்து இருக்காது என்று ஒதுக்காதீர்கள், அவன் காலுக்கும் இடுப்புக்கும் வேலை கொடுங்கள். ஆனால் ஸ்பாரிங்கில் இறக்குவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளையும் தராசில் ஏற்றிப் பாருங்கள். முள் வெகுதூரம் விலகினால், அன்றைக்கு இருவரையும் பேக்கில் குத்த விடுங்கள்.